கஞ்சாவின் நெடியும் ரசாயன சாஸ்திரமும்

கஞ்சாச் செடியைக் கண்ணால் கண்டிராதவர்கள்கூட அதன் நெடியை ஒருமுறை முகர்ந்துவிட்டால் ஆயுள் உள்ளளவும் மறப்பதில்லை. இரவு நேரத்து ரயிலடியின் கடைக்கோடியிலிருந்தோ, பூட்டிக் கிடக்கும் மண்டபத்தின் பின்புறத்திலிருந்தோ காற்றோடு அது வந்து மோதுமானால், இது இன்னது என்று மூக்கு அந்தக் கணமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. மூக்கு கணப்பொழுதில் முடித்துவிடும் இந்தக் காரியத்தை ரசாயன சாஸ்திரம் முடிப்பதற்கு ஏறக்குறைய எண்பது வருஷங்கள் பிடித்தன என்றால், அது சாஸ்திரத்தின் குறையைக் காட்டிலும் மூக்கின் பெருமையையே அதிகமாகக் காட்டுவதாகும்.

அந்த எண்பது வருஷக் கதையின் தொடக்கத்தில் நம் சென்னையோடு சம்பந்தப்பட்ட ஒருவர் நிற்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. ஜான் லயனல் சைமன்சன் என்னும் ஆங்கிலேயர் 1910ஆம் ஆண்டில் சென்னை பிரஸிடென்ஸி கல்லூரிக்கு ரசாயனப் பேராசிரியராக வந்தார். இந்திய விஞ்ஞான காங்கிரஸ் என்ற மகாசபையை, லக்ஷ்மணபுரிக் கல்லூரியிலிருந்த மக்மஹோன் என்பவரோடு சேர்ந்து தோற்றுவித்தவர் இவரே. அதன் முதற் கூட்டம் 1914இல் கல்கத்தாவில் நடந்தது. பிறகு டேராடூன் வன ஆராய்ச்சிக் கழகத்திலும் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்திலும் பணியாற்றிய சைமன்சன், இமயமலைச் சாரலில் வளரும் ஊசியிலை மரத்தின் பாலிலிருந்து இறக்கும் கற்பூரத் தைலத்தை ஆராய்ந்து, அதில் கேரீன் என்ற வாசனைத் திரவியம் இருப்பதைக் கண்டறிந்தார். மரஞ்செடிகளின் வாசனைத் தைலங்களில் இவ்வாறு காணப்படும் பொருள்களின் பெருங்குடும்பத்துக்கு டெர்ப்பீன்கள் என்று பெயர். அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பல பாகங்களாகப் பெருநூல் எழுதிய சைமன்சன், தாயகம் திரும்பிய பின்னர், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அலெக்ஸாண்டர் டாட் என்பவரோடு சேர்ந்து 1942ஆம் ஆண்டில் எகிப்து நாட்டு ஹஷீஷின் வாசனைத் தைலத்தைப் பரிசோதித்து முடிவை வெளியிட்டார். ஹஷீஷ் என்பது கஞ்சாவின் பிசின். வட இந்தியாவில் சரஸ் என்று வழங்குவதும் அதுவே.

அக்காலத்துப் பரிசோதனை எத்தகையது என்பதை இன்றைய வாசகர் சிறிது கற்பனை செய்து பார்க்க வேண்டும். பிசினை நீராவியில் வைத்துத் தைலம் இறக்கி, அத்தைலத்தைக் கொதிநிலை வாரியாகப் பகுதி பகுதியாக வடித்தெடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் இருக்கும் வஸ்துவை வேறொரு வஸ்துவோடு கூட்டிப் படிகமாக்கி, அந்தப் படிகம் எத்தனை பாகை உஷ்ணத்தில் உருகுகிறது என்று பார்த்து, பழைய ஏடுகளில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, அதன் பிறகே பெயர் சூட்ட வேண்டும். இப்படிச் செய்ததில் சைமீன், ஹியூமுலீன் முதலிய சில பொருள்கள் அகப்பட்டன. கைக்கு அகப்படும் அளவுக்குத் திரண்டு இருந்தவைதாம் அகப்பட்டன. அணுப்பிரமாணமாக இருந்தவை கண்ணாடிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டோ, ஜன்னல் வழியே காற்றில் கலந்தோ ஒழிந்துபோயின. இதை இங்கே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் கஞ்சாவின் நெடியைப் பற்றிப் பின்னால் நேர்ந்த மயக்கத்துக்கெல்லாம் இதுவே வித்து.

செடியில் அந்த நெடி எங்கே குடியிருக்கிறது? பெண் செடியின் பூங்கொத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், பூவிதழ்களின் மேலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றிலைகளின் மேலும் குண்டூசியைப் போலக் காம்பும் தலையுமாக ஆயிரக்கணக்கான நுண்ணிய சுரப்பிகள் நெருங்கி நிற்பதைக் காணலாம். தலை பளிங்கு போல் தெளிந்திருக்கும். முதிர முதிரப் பால் நிறமாகிப் பிறகு பழுப்பேறும். விரல் பட்டால் அந்தத் தலை உடைந்து பிசின் ஒட்டிக்கொள்ளும்; நெடியும் கூடவே எழும். போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளின் மூலமும் வாசனை தரும் டெர்ப்பீன்களும் உருவாவது இந்தச் சிறு தலைக்குள்ளேதான். இரண்டும் ஒரே மூலப்பொருளிலிருந்து கிளைத்துப் பிரிகின்ற உடன்பிறப்புகள் என்று சொன்னாலும் பிழையில்லை. ஆனால் உடன்பிறந்தவர் குணம் ஒன்றாக இருப்பதில்லையே! டெர்ப்பீன்கள் எளிதில் ஆவியாகி மூக்கைத் தேடி வருகின்றன, டி.எச்.சி.யோ சாதாரண உஷ்ணத்தில் ஆவியாக மனமின்றிப் பிசினாகவே கிடக்கிறது. ஆகவே சுத்தமான டி.எச்.சி.க்கு வாசனை இல்லையென்றே சொல்ல வேண்டும்.

டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை 1964இல் நிறுவியவர்கள் இஸ்ரேல் நாட்டு ரசாயன அறிஞர்களான ரபேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் ஆவர். ஆராய்ச்சிக்காகப் போலீஸாரிடம் ஐந்து கிலோ ஹஷீஷ் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பியபோது, பக்கத்தில் இருந்தவர்கள் இது என்ன வாசனை என்று விசாரித்தார்கள் என மெக்கூலம் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. பையிலிருந்து கிளம்பி பஸ் முழுவதும் உலாவிய அந்த வாசனையில் அவர் தேடிப்போன பொருள் சிறிதும் இல்லை என்பதே இதில் உள்ள வேடிக்கை.

கஞ்சாவில் காணப்படும் டெர்ப்பீன்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. ஆயினும் பெரும்பங்கு வகிப்பவை பத்துக்குள் அடங்கும். அவற்றில் பெரும்பாலானவை நம் வீட்டுக்குப் பழைய விருந்தாளிகள். ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கும்போது கண்ணில் தெறிக்கும் லிமோனீன், கொத்தமல்லி விதையின் லினலூல், மிளகிலும் கிராம்பிலும் உள்ள காரியோபிலீன், கற்பூரத் தைலத்தின் பைனீன், பீருக்கு மணமூட்டும் ஹாப்ஸ் பூவில் மிகுந்திருக்கும் மிர்சீன், ஹியூமுலீன் ஆகிய இவையெல்லாம் கஞ்சாப் பூவிலும் உண்டு. ஹாப்ஸும் கஞ்சாவும் தாவர சாஸ்திரப்படி ஒரே குடும்பம் என்பது இங்கே நினைவில் இருக்கட்டும்.

சைமன்சன் காலத்துக் கஷ்டத்தை நீக்கிய முறை 1952ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தது. ஆர்ச்சர் மார்ட்டினும் ஏ.டி. ஜேம்ஸும் வகுத்த அந்த முறைக்கு காஸ் குரோமடோகிராபி என்று பெயர். இன்றைய சோதனைச்சாலையில் அது நடைபெறும் விதத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். சிறிய கண்ணாடிக் குப்பியில் கஞ்சாப் பூவின் துணுக்கு ஒன்றை இட்டு, மூடியால் இறுக்கி, இளஞ்சூட்டில் வைக்கிறார்கள். பூவிலிருந்து எழும் ஆவி குப்பியின் வெற்றிடத்தில் நிறைகிறது. மூடியின் நடுவிலுள்ள ரப்பரைத் துளைத்துக்கொண்டு ஓர் ஊசி உள்ளே இறங்குகிறது. ஊசிக்குள்ளிருந்து மயிரிழை போன்ற நார் ஒன்று வெளியே நீண்டு, ஆவியை உறிஞ்சிக்கொண்டு மீண்டும் உள்ளே போய்விடுகிறது. கனடா நாட்டு வாட்டர்லூ சர்வகலாசாலையில் ஜானுஸ் பாவ்லிஷின் என்பவர் 1990ஐ ஒட்டி வகுத்த யுக்தி இது. பூவைக் கரைக்கவும் வேண்டாம், தைலம் இறக்கவும் வேண்டாம். பிறகு அந்த நாரைக் கருவியின் சூடான வாயில் செலுத்தினால், உறிஞ்சிய வாசனையெல்லாம் விட்டு விலகி, முப்பது மீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்டு சுருட்டி வைக்கப்பட்ட குழாய் ஒன்றுக்குள் ஹீலியம் வாயுவோடு புறப்படுகிறது. குழாயின் உட்சுவரில் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. எளிதில் ஆவியாகும் பொருள்கள் அதில் தங்காமல் விரைகின்றன. கனத்தவை தங்கித் தங்கி வருகின்றன. குழாய் இருக்கும் அடுப்பின் உஷ்ணம் சிறிது சிறிதாக ஏற்றப்பட, முதலில் பைனீன், பிறகு மிர்சீன், லிமோனீன், லினலூல், வெகுநேரம் கழித்துக் காரியோபிலீன், ஹியூமுலீன் என்று ஒவ்வொன்றாக மறுமுனையில் வந்து சேருகின்றன. அங்கே காத்திருக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி ஒவ்வொரு பொருளையும் எலெக்ட்ரான்களால் மோதிச் சிதறடித்து, சிதறிய துண்டுகளின் எடையைக் கொண்டு, உடைந்தது இன்னதென்று சொல்லிவிடுகிறது. காகிதத்தில் மலைச் சிகரங்கள் போல் கோடுகள் எழுகின்றன. சிகரத்தின் பரப்பு எவ்வளவோ, பொருளின் அளவும் அவ்வளவு.

இந்தச் சிகரங்கள்தாம் அறிஞர்களை வெகுகாலம் மயக்கின. உயர்ந்த சிகரம் எதுவோ அதுவே வாசனைக்குக் காரணம் என்று எண்ணுவது இயல்புதானே! மிர்சீன் சிகரம் உயர்ந்திருந்தால் இது மிர்சீன் மணம் என்றும், லிமோனீன் உயர்ந்திருந்தால் எலுமிச்சை மணம் என்றும் எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் கஞ்சா விற்பனைக்கு அனுமதி கொடுத்த மாநிலங்களில், இந்தச் சிகரங்களின் அளவையே சீட்டில் அச்சிட்டுப் பொட்டலத்தின் மேல் ஒட்டி வியாபாரம் செய்கிறார்கள். ஆயினும் ஒரு சந்தேகம் தீரவில்லை. கடையில் வாங்கிய மிர்சீனையும் லிமோனீனையும் காரியோபிலீனையும் சீட்டில் கண்ட விகிதப்படி கலந்து முகர்ந்தால் அது நல்ல பழவாசனையாகவும் மிளகுவாசனையாகவும் இருந்ததேயன்றிக் கஞ்சா வாசனையாக இல்லை.

அளவு வேறு, வாசனை வேறு. ஒரு பொருள் எத்தனை உண்டு என்பதைக் காட்டிலும், மூக்கு எத்தனை சிறிய அளவில் அதை உணர்கிறது என்பதே முக்கியம். ஒரு குடம் ரசத்தில் கடுகளவு பெருங்காயம் விழுந்தால் தெருக்கோடிக்குத் தெரிகிறது. பருப்பும் புளியும் ஆழாக்கு ஆழாக்காக இருந்தும் என்ன பயன்? இந்த உண்மையை அறிந்த ரசாயனிகள், குழாயின் மறுமுனையை இரண்டாகப் பிளந்து, ஒரு கிளையைக் கருவிக்கும் மற்றொரு கிளையைக் கண்ணாடிப் புனல் ஒன்றுக்கும் விட்டார்கள். புனலருகே பயிற்சி பெற்ற ஒருவர் மூக்கை வைத்து உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வாசனையும் வந்து போகும்போது அது எத்தகையது, எவ்வளவு கடுமை, எத்தனை நேரம் நின்றது என்று அவர் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். பல லட்சம் பெறுமானமுள்ள இயந்திரத்தின் ஓரத்தில் ஒரு மனிதர் முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பது பார்ப்பதற்கு வினோதமான காட்சிதான். ஆனால் அவரில்லாமல் அந்த இயந்திரத்துக்குப் பாதி விஷயம் விளங்குவதில்லை.

அமெரிக்காவில் ஐயோவா மாநில சர்வகலாசாலையைச் சேர்ந்த ரைஸும் கோஸியலும் இம்முறையில் கஞ்சாவை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு, சிகரங்களை நம்பியிருந்தவர்களுக்கு முதல் அடியாக வந்தது. ஆவியில் மிகுதியாக இருந்த பொருள்கள் வாசனையில் மிகுதியாக இல்லை. நோனனால், டெக்கனால், பென்ஸால்டிஹைடு போன்ற, அதுவரை ஒருவரும் பொருட்படுத்தாத அற்ப அளவுப் பொருள்களே மூக்கைப் பலமாகத் தாக்கின. இருந்தாலும் கஞ்சாவுக்கே உரிய அந்த முரட்டு நெடி, அமெரிக்கக் காடுகளில் திரியும் ஸ்கங்க் என்னும் சிறு பிராணி பகைவன்மேல் பீய்ச்சும் துர்நாற்றத்துக்கு ஒப்பிடப்படும் அந்த நெடி, எதனால் உண்டாகிறது என்பது அப்போதும் பிடிபடவில்லை. ஸ்கங்க்கின் நாற்றத்துக்குக் காரணம் கந்தகம் சேர்ந்த தயோல்கள் என்பது முன்பே தெரிந்த செய்தி. கஞ்சாவிலும் கந்தகம் இருக்கக்கூடுமென்று பலர் ஊகித்தார்கள். பிடித்துக் காட்டத்தான் முடியவில்லை.

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஐயன் ஆஸ்வால்டும் அவருடைய துணைவர்களும் அதைப் பிடித்துக் காட்டினார்கள். அவர்கள் ஒரு குழாயை நம்பாமல் இரண்டு குழாய்களை நம்பினார்கள். முதற்குழாயிலிருந்து வெளிவரும் ஆவியைச் சில விநாடிக்கு ஒருமுறை நறுக்கி, வேறு குணமுள்ள பூச்சுப் பூசிய சிறிய இரண்டாம் குழாயில் செலுத்தினால், முதலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவந்த பொருள்களும் இரண்டாவதில் பிரிந்து போகின்றன. அதாவது மிர்சீன் என்ற மலையின் நிழலில் மறைந்து கிடந்த கூழாங்கல் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. அதோடு, கந்தகத்தை மாத்திரம் காணும் கண் ஒன்றையும் அவர்கள் பொருத்தியிருந்தார்கள். வந்து சேரும் பொருளை எரித்து, எரிந்ததை ஓஸோன் வாயுவோடு கலந்தால், அதில் கந்தகம் இருக்கும்போது மட்டும் மெல்லிய ஒளி தோன்றும்; அந்த ஒளியை அளப்பதுதான் அக்கருவியின் வேலை. டெர்ப்பீன்கள் டன் கணக்கில் வந்தாலும் அது கண் சிமிட்டாது.

அதில் ஏழு கந்தகப் பொருள்கள் தென்பட்டன. அவற்றுள் தலைமையானது ப்ரீனைல் தயோல் என்று சுருக்கமாக அழைக்கப்படுவது. பல வகைக் கஞ்சாப் பூக்களைச் சிலர் முகர்ந்து நெடியின் கடுமைப்படி வரிசைப்படுத்த, அந்த வரிசையும் இப்பொருளின் அளவு வரிசையும் பொருந்தி வந்தன. இதில் மற்றொரு சுவாரசியமும் உண்டு. வெயிலில் வைத்த பீர்ப் புட்டி நாற்றமெடுத்துக் கெட்டுப்போவது ஐரோப்பியர்களுக்கு வெகுநாளாகத் தெரியும்; பழுப்பு நிறப் புட்டியில் பீரை அடைப்பதும் அதனால்தான். அங்கே ஹாப்ஸின் கசப்புப் பொருள் சூரிய ஒளியால் சிதைந்து உண்டாகும் வஸ்துவும் இதே ப்ரீனைல் தயோல்தான். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு செடிகளில், ஒன்று தானாகவே ஆக்கிக்கொள்வதை மற்றொன்று புட்டிக்குள் போய் வெயில் பட்டு ஆக்குகிறது! கண்டுபிடிக்கப்பட்ட மற்றக் கந்தகப் பொருள்களோ அமைப்பில் பூண்டின் வாசனைப் பொருள்களை ஒத்திருந்தன.

இரண்டாண்டு கழித்து அதே குழுவினர், பழவாசனை வீசும் கஞ்சா வகைகளில் திராட்சை மதுவிலும் சாத்துக்குடி இனப் பழங்களிலும் அறியப்பட்ட வேறு கந்தகப் பொருள்களையும், ஒருவித மிருக வாடை வீசும் வகைகளில் சாணத்தின் நாற்றத்தோடு சம்பந்தப்பட்ட ஸ்கடோல் என்பதையும் கண்டார்கள். டெர்ப்பீன் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்த இரண்டு மாதிரிகள் முகர்வதற்கு முற்றிலும் வேறாக இருந்ததற்குக் காரணம் இந்தச் சிறு பொருள்களே. சைமன்சனின் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு போனவை இவைதாம் போலும்.

இவ்வளவு நுட்பமான பொருள்களை அளப்பதில் ஒரு பெருந்தொல்லை இருக்கிறது: வாசனை நிலைநிற்பதில்லை. மேற்சொன்ன கந்தகப் பொருள்கள் பூப்பின் கடைசி நாட்களில் பெருகி, அறுத்த பூவைப் பதப்படுத்தும்போது உச்சத்துக்கு ஏறி, பிறகு ஒரு வாரம் சேமித்து வைத்ததிலேயே சரிந்துவிட்டன. டெர்ப்பீன்களிலும் இலேசானவை முதலில் பறக்கின்றன. மிஸிஸிப்பி சர்வகலாசாலையில் 1990களில் செய்த சோதனையில், புதிதாகப் பறித்த பூவின் தைலத்தில் பெரும்பங்காக இருந்த இலேசான டெர்ப்பீன்கள், காய்ந்து மூன்று மாதம் கிடந்த பின் வெகுவாகக் குறைந்து, காரியோபிலீன் முதலிய கனத்தவற்றின் பங்கு கூடியிருந்தது. காரியோபிலீனும் காற்றுப்பட்டு ஆக்ஸைடாக மாறுகிறது. போலீஸ் நாய்கள் எதை முகர்ந்து ஹஷீஷைக் கண்டுபிடிக்கின்றன என்று ஜெர்மனியில் ஆராய்ந்து 1973இல் சொன்ன விடையும் இந்தக் காரியோபிலீன் ஆக்ஸைடு என்பதே. ஆகவே பொட்டலத்தின் மேல் ஒட்டிய சீட்டு, சோதனை நடந்த தினத்து வாசனையைக் கூறுமேயன்றி, வாங்குபவன் கையில் உள்ள வாசனையைக் கூறாது.

சீட்டைப் பற்றிப் பேசும்போது அதில் கொட்டை எழுத்தில் காணும் இண்டிகா, சாடிவா என்ற பெயர்களையும் சொல்லாமல் விடலாகாது. லின்னேயஸ் 1753இல் சாடிவா என்று பெயரிட, லமார்க் 1785இல் இந்தியாவிலிருந்து போன செடியை வைத்து இண்டிகா என்று மற்றொரு பெயரிட்டார். இன்றைய வியாபாரிகள் முன்னது உற்சாகம் தரும், பின்னது தூக்கம் தரும் என்று கூறி விற்கிறார்கள். கனடாவின் டல்ஹவுசி சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் ஹாலந்து நாட்டு மாதிரிகளை ஆராய்ந்து 2021இல் தெரிவித்தபடி, இந்தப் பெயர்களுக்கும் செடியின் வமிசத்துக்கும் உருப்படியான பொருத்தம் இல்லை. மிர்சீன் முதலிய சில டெர்ப்பீன்களால் மண்வாசனை வீசுவதை இண்டிகா என்றும், பெர்காமோட்டீன், பார்னஸீன் ஆகியவை மிகுந்ததைச் சாடிவா என்றும் அழைக்கும் வழக்கமே இருந்திருக்கிறது. அதாவது வியாபாரிகள் மூக்கால் பெயர் வைத்துவிட்டுத் தாவர சாஸ்திரத்தின் பெயரால் விற்றிருக்கிறார்கள். டெர்ப்பீன்கள் டி.எச்.சி.யோடு கூடி விசேஷமான மருத்துவ குணம் தருகின்றன என்ற பிரசாரத்துக்கும் மனிதரிடம் செய்த சோதனைகளில் போதிய ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை. காரியோபிலீன் உடலில் உள்ள ஒரு வகை ஏற்பியைத் தொடுகிறது என்று 2008இல் கண்டது உண்மையே, ஆனால் அதே காரியோபிலீனை நாம் தினந்தோறும் மிளகு ரசத்தில் உண்டு வருகிறோம்.

நிற்க, இந்த ஆராய்ச்சியால் உலகத்துக்கு ஏற்படக்கூடிய பிரயோஜனம் நீதிமன்றத்தில்தான் முதலில் தெரியும் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி, உலர்ந்த எடையில் நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேல் டி.எச்.சி. இல்லாத செடி நாருக்கும் விதைக்கும் உதவும் ஹெம்ப் என்ற பயிர். அதற்கு மேற்பட்டால் அது மத்திய சட்டம் தடுக்கும் கஞ்சா. இரண்டும் ஒரே இனம், இரண்டிலும் வாசனைப் பொருள்கள் அவையே, டி.எச்.சி.க்கோ வாசனை இல்லை. ஆகையால் வண்டியை நிறுத்தி நெடியைக் காரணம் காட்டிச் சோதனையிட்ட போலீஸ்காரரும், முகர்ந்து குரைத்த நாயும், செடியின் இனத்தைச் சொல்ல முடியுமேயன்றிக் குற்றத்தைச் சொல்ல முடியாது. அதைச் சொல்ல, பூவைக் கரைத்துத் திரவ குரோமடோகிராபியில் இட்டு டி.எச்.சி.யை அளந்தேயாக வேண்டும்.

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளையே கஞ்சா என்று வரையறுப்பதால் இந்தச் சிக்கல் இதுவரை பெரிதாக எழவில்லை. ஆனால் அச்சட்டத்திலேயே நாருக்கும் விதைக்கும் பயிரிட அனுமதி தரும் பிரிவு ஒன்று உண்டு. உத்தராகண்ட மாநிலம் அதன்படி 2018 முதல் 0.3 பங்கு வரம்புக்கு உட்பட்ட ஹெம்ப் சாகுபடிக்கு அனுமதி அளித்து வருகிறது. அனுமதி பெற்ற வயலின்மேல் வீசும் காற்றும் அனுமதியில்லாத தோட்டத்தின்மேல் வீசும் காற்றும் ஒரே நெடியைத்தான் கொண்டுவரும். ஆகவே, இந்தப் பயிருக்கு இனி அனுமதி கொடுக்க நினைக்கும் எந்த மாநில அரசும், விதைப்பதற்கு முன்பாகவே தன் தடயவியல் சோதனைச்சாலைகளில் டி.எச்.சி.யை அளக்கும் கருவிகளையும் அவற்றை இயக்கத் தெரிந்த ரசாயனிகளையும் போதிய அளவில் அமர்த்திக்கொள்ள வேண்டும்.